நெவாலாவிலிருந்து நடுவீரப்பட்டுக்கு

கடலூரை விட்டுக் கேப்பர் மலை ஏறி அந்தப் பக்கம் போனதும் வேனுக்குள் பேச்சு நின்றுவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் படுத்துக் கிடந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதே காட்சிதான். சில மரங்கள் வேரோடு பெயர்ந்து, செம்மண் கட்டிகளை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் போய்வந்த பாதை அது. அன்றைக்குத்தான் அந்தச் சாலையிலிருந்து அடுத்த ஊரின் தண்ணீர்த் தொட்டி எனக்குத் தெரிந்தது. மறைப்பதற்கு மரம் இல்லை.

ஹமீசி ஜன்னலிலிருந்து திரும்பாமலே சுவாஹிலியில் கேட்டான். "தாதா, நாம் பார்க்க வந்தது இதைத்தானா?"

தாதா என்றால் அவர்கள் மொழியில் அக்கா. இதை டிரைவர் பாபுவுக்கு இரண்டு தடவை விளக்கியிருந்தேன். ஆனாலும் அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னான். "அந்தத் தம்பி உங்கள தாதா தாதான்னும்போதெல்லாம் எனக்கு பக்குன்னு ஆவுதுக்கா."

அது 2012 மார்ச். மூன்று வருடமாக நான் தான்சானியாவின் தென்கோடியில் நெவாலா என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் முழுக்க முந்திரிதான். இளைஞர்கள் தோப்புகளை விட்டுவிட்டுப் பெருநகரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். அவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் ஓர் இணையதளம் நடத்தியது. மரத்துக்கு நோய் என்றால் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பலாம். கேள்வி தளத்தில் ஏறும். பதில் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

எனக்கு முந்திரி தெரியாது. தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். தான்சானியா போவதற்கு முன் நடுவீரப்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே கொட்டை விலை கேட்க வருகிறவர்களில் அஞ்சலையும் ஒருத்தி. நாற்பது வயதைத் தாண்டியவள். விலை கேட்டுவிட்டுப் போகாமல் நின்று அரட்டை அடிப்பாள். நெவாலாவிலிருந்து யாராவது சிக்கலான கேள்வி கேட்டால் நான் அஞ்சலைக்குப் போன் போடுவேன். அவள் சொல்வதை மொழிபெயர்த்து அவள் பெயரிலேயே போடுவேன். அந்த ஊரில் வயதில் மூத்த பெண்களை மாமா என்பார்கள், அம்மா என்ற பொருளில். ஆக, தளத்தில் அவள் பெயர் 'கடலூர் மாமா அஞ்சலை'. இதைச் சொன்னபோது போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "என் மீசையப் பாத்தாங்களாமா?"

அவள் பதிலால் தோப்பைக் காப்பாற்றிக்கொண்டவள் நீமா. இருபத்து மூன்று வயது. பூவெல்லாம் வெள்ளைப் பொடி பிடித்துக் கருகி, வீட்டு வேலைக்காகப் பெருநகரத்துக்குப் போக மூட்டை கட்டியிருந்தாள். 'மரத்த வெட்டாத. உள்ள வெயிலு வர்ற மாதிரி கிளையக் கழிச்சுவுடு. அடியில வர்ற துளுர எடுத்துடு. ஒரு பூ பாத்துட்டு அப்பறமா போ' என்று அஞ்சலை சொன்னாள். நீமா போகவில்லை. ஊரில் கந்தகப் பொடியும் கிடைத்தது, தூவினாள். மறு வருடம் காய்த்தது. கடலூர் பார்க்க இரண்டு இளம் விவசாயிகளை அனுப்பலாம் என்று நிறுவனம் முடிவு செய்தபோது முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது அவள் பக்கத்து ஊர் ஹமீசி.

எல்லாம் ஏற்பாடான பிறகு, வருடக் கடைசியில் தானே புயல் வந்தது. அன்றிலிருந்து அஞ்சலை என் போனை எடுக்கவில்லை. பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன். நீமா கேட்கவில்லை. "துக்க வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்களா, தாதா?"

அஞ்சலையின் வீட்டு வாசலில் அவள் கணவர் ராஜேந்திரன் நின்றிருந்தார். நீமா வேனிலிருந்து இறங்கி, அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, "மாமா!" என்று கூப்பிட்டாள். இவர் சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாம்மா, வா. நம்ப மொறையெல்லாம் தெரிஞ்சி வச்சிருக்கே!" என்றார். பாபு சிரிப்பை அடக்க முடியாமல் வேனுக்குப் பின்னால் போய்விட்டான்.

அஞ்சலை வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். என் கையைப் பிடித்தாள், விட்டாள். நீமா அவள் எதிரில் கொஞ்சம் முழங்கால் மடக்கி, "போலே, மாமா. போலே சானா" என்றாள். யார் தடுக்கி விழுந்தாலும், யார் செத்தாலும் அவர்கள் சொல்லும் வார்த்தை. வருந்துகிறேன் என்பதைவிட நெருக்கமானது.

"எது போல?" என்றாள் அஞ்சலை என்னிடம்.

விளக்கினேன். தலையை ஆட்டினாள். எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். தோப்பைப் பார்க்கலாமா என்றதும் புளியை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போயி பாருங்க. நான் வர்ல. என்னாத்த பாக்கறது? எழவு வுழுந்த வூட்ல சோறு தின்ன மாதிரி இருக்கும்."

ராஜேந்திரன்தான் கூட்டிப்போனார். வழியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரோட்டோரம்ல? பிளாட்டுக்கு கேக்கறாங்க. திங்கக்கெழம அக்ரிமென்ட்டு. இவ வேணான்னும் சொல்ல மாட்டேங்கறா, சரின்னும் சொல்ல மாட்டேங்கறா. கன்னுலேர்ந்து வளத்தது எல்லாம் அவதான். எனக்கு இனிமே தெம்பு இல்லம்மா. கன்னு வச்சி அது காய்க்கறதுக்குள்ள நான் இருப்பனோ என்னமோ."

தோப்பில் ஹமீசி மரம் மரமாகக் குனிந்து வேரைப் பார்த்தான். அடியோடு பெயர்ந்தவை காய்ந்துவிட்டன. ஆனால் சாய்ந்து படுத்தவற்றில் சில ஒரு பக்க வேரை மண்ணில் வைத்திருந்தன. அதில் ஒன்று படுத்தபடியே நுனியில் பூவெடுத்திருந்தது. ஹமீசி அதைப் படமெடுக்கலாமா என்று சைகையில் கேட்டான். "எடுத்துக்கப்பா. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் ராஜேந்திரன்.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். வஞ்சிரம் பொரித்துத் தந்த கடையில் ஹமீசி மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, ஆக்டோபஸ் இல்லையா என்று கேட்டான். கடைக்கார அம்மா எண்ணெயிலிருந்து நிமிராமல், "அதையெல்லாம் நாங்க தின்ன மாட்டோம், கப்பல்ல ஏத்தி வுட்ருவோம்" என்றாள். மொழிபெயர்த்தேன். "அங்கே நாங்கள் முந்திரியை அப்படித்தான் செய்கிறோம்" என்றான். உண்மைதான். அவர்கள் ஊர்க் கொட்டை மூட்டை மூட்டையாகக் கப்பலேறி எங்கள் மாவட்டத்துக்குத்தான் உடைபட வருகிறது. நெவாலாவில் வறுத்த பருப்பு வாங்க நான் எத்தனை கடை ஏறியிருக்கிறேன்!

திரும்பும்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தோம். நாற்காலியில் உட்காரவும் கரண்ட் போனது. அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கரண்ட் எப்போது வரும் என்பதை வைத்துத்தான் ஊரே குளித்தது, மாவரைத்தது. இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழியெல்லாம் நான் தமிழ்நாட்டைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டு வந்திருந்தேன். நீமா என் தோளில் தட்டி, "நெவாலா மாதிரியே இருக்கிறது, தாதா. இப்போதுதான் எனக்கு இங்கே பழகுகிறது" என்றாள்.

கரண்ட் வந்ததும் அவள் படங்களை ஏற்றினாள். கீழே எழுதினாள்: 'இது மாமா அஞ்சலையின் தோப்பு. புயல் தள்ளிவிட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நாம் என்ன சொல்வது?' ஒவ்வொரு படமும் மேலிருந்து ஒரு விரற்கடை விரற்கடையாக இறங்கி முடிப்பதற்குள் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டே வந்துவிட்டோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பிச்சாவரம் போவதாகத் திட்டம். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வேனின் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. பாபு இறங்கி மூடியைத் திறக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டான். எதிரே டீக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். ஹமீசியின் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். ஹமீசி முகம் மலர்ந்து பதில் சொன்னான். அதற்குமேல் இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் பத்தடி நடப்பதற்குள் பாய் அவன் தோளில் கை போட்டிருந்தார்.

"ஜும்மாவுக்கு நேரமாவுது, தம்பிய நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் நம்ப வூட்ல இருங்க" என்றார் என்னிடம்.

மெக்கானிக் வந்து பார்த்துப் போவதற்குள் ஹமீசி தொழுது, பாய் வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, ஒரு வெள்ளைச் சட்டையும் பரிசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நாங்கள் கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா நீமாவின் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "இதப் போட எம்புட்டு நேரம் ஆவும்னு கேளேன்" என்றார். ஒரு பகல் முழுக்க என்று நீமா சொன்னதும், "அப்ப சோறு யாரு ஆக்கறது?" என்றார். நீமா சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது.

பிச்சாவரத்தில் படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் ஹமீசி வேர்களையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் தாய்மாமன் வீடு கடலோரத்தில், இதே மாதிரி வேர்கள் தண்ணீரில் நிற்கும் இடமாம். சின்ன வயதில் அங்கே நண்டு பிடித்திருக்கிறானாம். படகோட்டியிடம் இந்த மரங்கள் புயலில் விழவில்லையா என்று கேட்கச் சொன்னான்.

"இது வுழாதுங்க. ஒண்ண ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்குது பாருங்க, எத்தினி கால் ஊணியிருக்குன்னு" என்றார் படகோட்டி. "கொஞ்சம் சாஞ்சா கூட அங்கியே காலு உட்டுக்கும்."

சிதம்பரத்தில் சம்பந்தமில்லாத நேரத்தில், கீழவீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்திரிக்காயை இப்படியும் செய்யலாமா என்று நீமா கிண்ணத்தை வழித்தாள். கல்லூரி நாளில் நான் தோழிகளோடு உட்கார்ந்த அதே வரிசை மேஜை. அந்தத் தோழிகளில் ஒருத்தி துபாயில், ஒருத்தி சேலத்தில், நான் எங்கேயோ. அந்தக் கொத்சின் புளிப்பு மட்டும் அங்கேயே இருந்தது. கண் கலங்கியதைக் காரம் என்று சொல்லி மறைத்தேன்.

பக்கத்திலேயே பிரவுசிங் சென்டர். கரண்ட் இருந்தது. தளத்தைத் திறந்தால் பதில்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. முதலில் எல்லாம் 'போலே சானா மாமா அஞ்சலை' என்ற வரிதான், ஊர் ஊராக, பெயர் பெயராக. பிறகு யோசனைகள். நீமா ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க ஹமீசி தொடையில் தட்டினான். இதை அவள் கேட்க வேண்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. துக்கத்தில் இருக்கிறவளிடம் போய் யோசனை சொல்வதா? அதுவும் கொடுத்தே பழகியவளிடம்? இரவு முழுக்க அதையே நினைத்துப் புரண்டேன். விடிந்ததும் லேப்டாப்பையும் டேட்டா கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அஞ்சலை வீட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. வாசலில் இல்லை, மாட்டுக் கொட்டகையில் இல்லை. பாபு லேப்டாப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தான். கடைசியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் வந்தது. அங்கேயே உட்கார்ந்தோம். அஞ்சலை கொஞ்சம் தள்ளி, நேற்று முன்தினம் பார்த்த அதே புளிக்கு முன்னால் இருந்தாள்.

"இதெல்லாம் உனக்கு வந்துருக்கு அஞ்சலைக்கா, கேக்கறியா?" என்றேன்.

"படி" என்றாள். கை நிற்கவில்லை.

அனுதாபங்களைப் படித்தேன். கேட்டுக்கொண்டாள். ஒரு பையன் எழுதியிருந்தான்: எங்கள் தோப்பில் விழுந்த மரத்தை நிமிர்த்தவில்லை, படுத்தவாக்கிலேயே விட்டு, வெளியே தெரிந்த வேருக்கு மண் அணைத்தோம். தலையை ஆட்டினாள். இன்னொருவர் எழுதியிருந்தார்: இடைவெளியில் எள்ளோ கடலையோ விதையுங்கள், மரம் இல்லாததால் வெயில் கிடைக்கும். "ம்" என்றாள். மூன்றாவது, யாரோ ஒரு அவசரக்காரர்: எல்லா மரத்தையும் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்து நிமிர்த்தி, குழி நிறையத் தண்ணீர் விட்டுத் தேக்கி வையுங்கள்.

அஞ்சலையின் கை நின்றது.

"யாரு அது?"

பெயரைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லு. இழுத்தா மிச்சம் இருக்கற வேரும் அறுந்து போவும். தண்ணியத் தேக்குனா அழுவிப் போவும். முந்திரிக்கு ஈரம் ஜாஸ்தியானா ஆவாது. இது தெரியாம தோப்பு வச்சிருக்கானா அவன்?"

"சொல்லிடறேன்."

"இப்பவே எழுது. எவனாவது படிச்சிட்டு அதே மாதிரி செஞ்சி வச்சிடப் போறான்."

எழுதினேன். அவள் எழுந்து வந்து, புளிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பின்னால் நின்றாள். அந்தச் சுவாஹிலி வரிகளில் ஒன்றுகூட அவளுக்குப் புரியாது. "எழுதிட்டியா? இன்னொண்ணும் சேத்துக்க. மேல இருக்கற பாரத்தக் கழிக்காம மண்ணு மட்டும் அணைச்சா நிக்காது. முதல்ல சொன்ன பையன் அத சொன்னானா?"

"சொல்லவில்லை" என்றாள் நீமா, நான் மொழிபெயர்த்ததும்.

"பாத்தியா." பிறகு சுவரில் சாய்த்திருந்த அரிவாளை எடுத்தாள். "வாங்க. எந்தெந்த மரம் வேரு வச்சிருக்குன்னு காட்டுங்க."

புயலுக்குப் பிறகு அவள் தோப்புக்குள் கால் வைத்தது அன்றுதான் என்று ராஜேந்திரன் பிறகு சொன்னார். நுழைந்ததும் முதல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நீமா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அஞ்சலை மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள், நீமா கைகொடுத்தாள்.

மிச்ச இரண்டு நாளும் நாங்கள் எங்கேயும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கோயில், கோட்டை என்று நான் போட்டுவைத்திருந்த திட்டமெல்லாம் போயிற்று. ஹமீசி பரிசு வாங்கிய வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு மண் வெட்டினான். பாபு, "மச்சான், இப்படி வெட்டுனா இடுப்பு போயிடும்" என்று மண்வெட்டியைப் பிடுங்கினான். மச்சான் என்ற சொல் ஹமீசிக்குப் பிடித்துப்போய், அதன் பிறகு எதிர்ப்பட்ட எல்லாரையும், நிலத்துக்கு அக்ரிமென்ட் போட வந்த புரோக்கர் உட்பட, மச்சான் என்றே கூப்பிட்டான். மதியத்துக்கு அஞ்சலை கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். இரண்டு பேரும் களியை உருட்டிக் கட்டைவிரலால் குழி செய்து குழம்பில் தோய்த்த லாகவத்தைப் பார்த்து, "நம்ப ஊருப் புள்ளைங்கதான்" என்றாள். அவர்கள் ஊரில் அதுதான் தினச் சோறு, சோளமாவில்.

திங்கட்கிழமை காலையில் புரோக்கர் வந்தபோது ராஜேந்திரன் மனைவியைப் பார்த்தார். விற்பது பற்றி அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். "ரோட்டோரம் அடியோட பேந்துடுச்சி. அது போவட்டும். உள்ள இருக்கறது வேணாம், நான் பாத்துக்கறேன்." ராஜேந்திரன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு புரோக்கரிடம், "பாதிதாங்க. அவ சொல்றா" என்றார். அவர் குரலில் எனக்குக் கேட்டது ஏமாற்றமா நிம்மதியா என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று மதியமே நாங்கள் கிளம்பிவிட்டோம். அஞ்சலையும் நீமாவும் அழுது முடிக்கும்வரை பாபு வேனைக் கிளப்பவில்லை.

மண் அணைத்த மரங்களில் பாதிக்கு மேல் கோடையில் காய்ந்துவிட்டன. மிச்சம் பிழைத்தது. இடையில் கடலை போட்டார்கள், ஒட்டுக்கன்று வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் நிதி முடிந்து எங்கள் இணையதளத்தை நிறுத்திவிட்டார்கள். நானும் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது அந்த முகவரியை அடித்தால் எதுவும் திறப்பதில்லை. அத்தனை கேள்வி, அத்தனை பதில், எங்கே போயிற்றோ. சில சமயம் அந்த மெதுவான திரையை, படம் இறங்குவதற்குள் டீ ஆறிப்போன சாயங்காலங்களை நினைத்துக்கொள்வேன்.

சில வருடம் கழித்து ஒருநாள் அஞ்சலை வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனாள். யார் என்று ராஜேந்திரனிடம் கேட்டேன்.

"நீமாதான். அங்க கொட்ட பொறுக்க ஆரம்பிச்சா போன் பண்ணும், இங்க பூவெடுத்தா இவ மிஸ்டு கால் குடுப்பா."

எனக்கு வியப்பாக இருந்தது. "யாரு அக்கா மொழிபெயர்த்துச் சொல்றது?" என்றேன் அவள் திரும்பி வந்ததும்.

"யாரும் இல்ல. அவ அவ பாஷையில சொல்லுவா, நான் நம்ப பாஷையில சொல்லுவன்."

"அப்ப என்ன புரியும் உனக்கு?"

போனை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள். "இந்த வருசம் அவளுக்கு நல்ல காய்ப்பு. கத்திக் கத்திப் பேசறா பாரு."